போனுக்குள்ளே பொம்மை, தெருவிலே கூட்டம்



நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். "எம் மவன் காலேஜ் படிக்கிறான். பொழுது சாஞ்சா போனைக் கையில புடிச்சிக்கிட்டு தெப்பக்குளத்தைச் சுத்திச் சுத்தி வர்றான். என்னடான்னு கேட்டா, 'பொம்மை புடிக்கிறேம்மா'ங்கிறான். அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுறாங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இன்னொரு அக்கா கேட்டார்: "வீட்டுக்குள்ள உக்காந்து விளையாண்டாலும் திட்டுறோம், வெளியில போயி விளையாண்டாலும் பயப்படுறோம். அப்ப எதுதான் சரி?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

அது என்ன விளையாட்டு?

அதன் பெயர் போக்கிமான் கோ. அமெரிக்காவின் நியாண்டிக் நிறுவனம் 2016 ஜூலையில் இதை வெளியிட்டது. நம் நாட்டுக்கு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. போனில் உள்ள ஜி.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கேமராவைத் திறந்தால் எதிரே உள்ள மரம், திண்ணை, தெரு எல்லாம் அப்படியே தெரியும். அதன் மேல் ஒரு பொம்மைப் பிராணி நிற்பது போலக் காட்டும். இல்லாததை இருக்கிற இடத்தின் மேல் பொருத்திக் காட்டும் இந்த முறைக்கு 'ஆக்மெண்டட் ரியாலிட்டி' என்று பெயர். பூங்கா, சிலை, கோயில் போன்ற இடங்களில் 'போக்கிஸ்டாப்' இருக்கும். விளையாடத் தேவையான பொருட்கள் அங்கே நடந்து போனால் கிடைக்கும். வீட்டில் படுத்துக்கொண்டு இதை அதிகம் விளையாட முடியாது.

நடக்க வைத்தது, ஆனால் எத்தனை நாள்?

விளையாட்டு வந்ததும் பல நாடுகளில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் "இங்கே என்ன கிடைச்சுது?" என்று பேசிக்கொண்டார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெற்றோர்களிடம் கேட்டு 2017-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து நடந்ததும் பேசியதும்தான் பல பெற்றோருக்குப் பிடித்திருந்தது. பொம்மை ஒரு சாக்குதான்.

ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் நடையைக் கணக்கிட்டார்கள். விளையாடத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். வாரம் செல்லச் செல்ல அது குறைந்தது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள்!

இது நமக்குப் புதிதா என்ன? குழு ஆரம்பித்த அன்று இருபது பேர் வருவோம். ஆறு வாரம் கழித்து யார் வருகிறார்கள் என்பதில்தான் குழு நிலைக்குமா என்பது தெரியும்.

கூட்டம் வேறு, குழு வேறு

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ரோட்ஸ் என்ற பகுதியில் ஒரு சிறிய பூங்கா. அங்கே மூன்று போக்கிஸ்டாப்புகள் அருகருகே அமைந்துவிட்டன. நூற்றுக்கணக்கானவர்கள் நடு ராத்திரி வரை கூடினார்கள். சத்தம், குப்பை, வண்டி நெரிசல். தூங்க முடியாத குடியிருப்புவாசிகள் மாடியிலிருந்து தண்ணீர் நிரப்பிய பலூன்களை வீசினார்கள். 2016 ஆகஸ்டில் அந்த ஸ்டாப்புகள் நீக்கப்பட்டன. அத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். ஆனால் அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பு ஏற்கவில்லை.

அமெரிக்காவில் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், "இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் விளையாடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டது. நம் நாட்டிலும், வழிபாட்டுத் தலங்களில் முட்டை காட்டப்படுகிறது என்று 2016-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டது.

பிறகு விளையாட்டே மாறியது. பலர் சேர்ந்து மோதும் 'ரெய்டு' 2017-இல் வந்தது. எல்லோரும் ஒரே நாளில் கூடி விளையாடும் 'கம்யூனிட்டி டே' 2018 ஜனவரியில் தொடங்கியது. நண்பர்களாகச் சேர்ந்து பிராணிகளைப் பரிமாறிக்கொள்ளும் வசதி அதே ஆண்டு ஜூனில் வந்தது. ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டதும், கூடும் நாள் முடிவானதும், பல ஊர்களில் விளையாடுபவர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். தேவையும் தேதியும் இருந்தால்தான் கூட்டம் குழுவாகும். நம் வாரக் கூட்டமும் சேமிப்பும் கற்றுக்கொடுத்த பாடமும் அதுதானே!

பயம் வீண் இல்லை

அந்தத் தாயின் பயத்தை நாம் தள்ளிவிடக் கூடாது. 2016 ஜூலையில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், இந்த விளையாட்டைப் பயன்படுத்தி ஆட்களைத் தனி இடத்துக்கு வரவழைத்துத் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்ததாகச் சிலரைப் போலீசார் கைது செய்தார்கள். அடுத்த மாதம் ஜப்பானில், விளையாடிக்கொண்டே வண்டி ஓட்டியவர் மோதி ஒரு பெண் இறந்தார். விளையாடியது அவர் இல்லை. ரோட்டைக் கடந்த பாவத்துக்கு உயிர் போனது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. போக்கிஸ்டாப்புகள் பெரும்பாலும் இதே நிறுவனத்தின் 'இன்கிரெஸ்' என்ற பழைய விளையாட்டை ஆடியவர்கள் பரிந்துரைத்த இடங்களாகத்தான் அப்போது இருந்தன. அதனால் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் ஸ்டாப்புகள் குறைவாக இருந்தன. யார் வரைபடம் போடுகிறார்களோ, அவர்கள் தெருதான் அதில் தெரியும். இருட்டிய பிறகு ஒரு பையன் குளத்தைச் சுற்றினால் "விளையாடுறான்" என்கிறோம். நம் பெண் பிள்ளை சுற்றினால் என்ன சொல்வோம்? இதையும் யோசிக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

- திட்டுவதற்கு முன் கேட்போம். "எனக்கும் காட்டு, எப்படி விளையாடணும்?" என்று ஒரு நாள் கூடவே நடப்போம்.
- தனியாக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போகச் சொல்வோம். எங்கே, எப்போது திரும்புவது என்பதைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.
- வண்டி ஓட்டும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் போன் பையில் இருக்கட்டும். ரயில் பாதை, கிணறு, குளக்கரைப் படி ஆகிய இடங்களில் நின்று பார்த்துவிட்டு நடக்கட்டும்.
- விளையாட்டில் அறிமுகமானவர் அழைத்தார் என்று ஆள் இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது.
- போனில் பணம் கட்டிப் பொருள் வாங்கும் வசதி உண்டு. வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த உறுப்பினர் வந்தார். "நானும் ஒரு நாள் கூடப் போனேன். அங்க நாலு பிள்ளைங்க. நாலு பேரும் ஆளுக்கொரு காலேஜ். அதுல ஒரு பையன்தான், அன்னிக்கு மழையில என்னை வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டான். நம்ம பையனுக்கு இப்படிச் சேக்காளிங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா எட்டு மணிக்கு மேல கிடையாதுன்னு தீர்மானம் போட்டாச்சு" என்றார்.

உங்கள் குழுவிலும் இதைப் பேசுங்கள் சகோதரிகளே. பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துப் பேசுங்கள்.