உப்புக் காற்றும் பழைய காரும்

வீட்டு வளவில் தகரவேலை செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

வடமராட்சியின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு யன்னற் கம்பியிலும் படலைப் பிணைச்சலிலும் சைக்கிள் மட்காட்டிலும் படிந்து கறளை உண்டாக்குகிறது. இத்தகைய இடத்தில், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இன்றும் எஞ்சியிருக்கின்றனவென்றால், அவை தாமாக எஞ்சவில்லை. ஒவ்வொரு கறளையும் யாரோ ஒருவர் வெட்டி எடுத்து, தகடு வைத்து, தட்டி நிமிர்த்தியதால் எஞ்சின.

அந்த வேலையிற் பெரும்பகுதி பெரிய கராஜ்களில் நடக்கவில்லை. வீட்டுக் கொட்டில்களிலும் வேப்பமர நிழலிலும், கையாற் செய்த கருவிகளைக் கொண்டே நடந்தது. அந்தக் கைத்திறன் இன்று வயதானவர்களின் கைகளில் மட்டும் தங்கிவருகிறது. அது அவர்களோடு போய்விடாமல் அடுத்த தலைமுறைக்குச் சேரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தடைக்காலம் கற்பித்த பாடம்

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, புகையிரதமும் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, இரும்பு, சீமெந்து போன்றவை தடைசெய்யப்பட்டன. யப்பானிய புதிய கார்கள் பல ஓய்ந்துபோக, பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவை தொடர்ந்து ஓடின. அவற்றின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகையால், சில துளி பெற்றோலிற் கிளப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. நோயாளிகளையும் பிரசவத்துக்குச் செல்லும் தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்த்தவை இவ்வாறான வண்டிகளே.

இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைத்தது; உடலுக்குத் தகடு கிடைக்கவில்லை. ஆகவே தார்ப் பரல்களும் உடைந்த வண்டிகளின் பாகங்களும் தகடாயின. மின்வெல்டிங் செய்ய வழியற்ற இடங்களில் றிவெற்றும் பற்றாசும் கைகொடுத்தன.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 2009 இன் பின்னர் மீண்டும் திறந்தது. புதிய வாகனங்கள் வந்தபோது பழைய கார்கள் வேலியோரம் ஒதுங்கின. ஆனால் 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், இருக்கின்ற வாகனத்தைப் பேணும் திறன் எவ்வளவு பெறுமதியானது என்பதை முழு நாடுமே உணர்ந்தது. குடாநாட்டார் அதனை முன்னரே அறிந்திருந்தனர்.

கப்பல் கட்டிய ஊர்

வல்வெட்டித்துறைக்கு இது புதிய கல்வியுமன்று. 1930 இல் இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர்.

மரக்கலம் கட்டியோர் அறிந்த விதி ஒன்றுண்டு: உளுத்த பலகையின் மேல் வர்ணம் பூசினால் கலம் நடுக்கடலிற் கைவிடும். உளுத்ததைக் கழற்றி, நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அளவான பலகையைப் பொருத்தவேண்டும். காரின் தகட்டுக்கும் இதுவே விதி. கறளின் மேல் பட்டி பூசி மினுக்கிய வண்டி விற்பனைக்கு அழகாக இருக்கும். அடுத்த மாரிக்குள் பட்டி கொப்பளித்து விழும். கறளாகும் இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலுள்ள எதனையும் தள்ளிவிடுகிறது.

முதலில் வண்டியைச் சோதியுங்கள்

சுத்தியலை எடுக்குமுன் ஒரு நாள் முழுவதையும் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரு சிறு காந்தமும் பழைய ஸ்குறூட்ரைவரும் போதும். காந்தம் இரும்பில் ஒட்டும். தடித்த பட்டியில் ஒட்டாது. ஸ்குறூட்ரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும்; கறள் தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும்.

வண்டியின் அமைப்பையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒஸ்ரின் ஏ40 இன் டெவன், சோமசெற் வகைகளுக்குத் தனியான சேசிஸ் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். 1948 இல் அறிமுகமான மொறிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. தளமும், கதவுகளின் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. அந்த விளிம்பு கறளெடுத்திருந்தால், முட்டுக்கொடுக்காமல் வெட்டுவது பெருந்தவறாகும். வண்டியின் நடு தாழ்ந்து கதவுகள் பூட்டாமற் போய்விடும். வெட்டுமுன் அடியில் முட்டு வையுங்கள். கதவு இடைவெளியின் குறுக்கே கோண இரும்பைப் பொருத்துங்கள். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

நீர் தேங்கும் இடங்களிலே கறள் தொடங்கும். கதவின் அடி, முன் மட்காட்டின் பின்மூலை, விளக்கின் சுற்றுப்புறம், டிக்கியின் தளம், பின் வில்லுத் தகடு தொங்கும் இடம் ஆகியவற்றைத் தவறாது பாருங்கள். கதவின் அடியில் நீர் வடியும் துவாரங்கள் உண்டு. அவை அடைபட்டிருந்தால், கறளின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கருவிகளைச் செய்துகொள்ளல்

விலையுயர்ந்த கருவிகள் இன்றித் தொடங்கலாம். பின்வருவன போதுமானவை:

1. கொட்டாப்புளி: புளியமரத்தின் வைரத்திற் கடைந்த மரச்சுத்தியல். இரும்புச் சுத்தியல் தகட்டை நீட்டிவிடும். மரம் வடிவத்தை மட்டும் மாற்றும்.

2. கைப்பட்டடை: தகட்டின் பின்புறம் பிடிக்கும் இரும்புக் கட்டி. பழைய அச்சுத் துண்டு அல்லது தண்டவாளத் துண்டின் மூலைகளை வெவ்வேறு வளைவுகளாக அரைத்து, முகத்தை அரத்தாளால் மினுக்கிக்கொள்ள வேண்டும். முகத்தில் உள்ள கீறல் ஒவ்வொன்றும் தகட்டிற் பதியும்.

3. கரண்டி: பழைய வில்லுத் தகட்டிலிருந்து செய்வது. கை நுழையாத இடுக்குகளில் தகட்டை நெம்பித் தாங்க உதவும்.

4. குழிக்கட்டை: ஓரடி அகலமான மரக்குற்றியின் தலையில் சட்டி போன்ற குழி. வளைவான பாகங்களை அதில் வைத்து அடித்து உருவாக்கலாம். தடித்த சீலைப் பையில் மணல் நிரப்பியும் இவ்வேலையைச் செய்யலாம்.

5. மடிப்பான்: இரண்டு கோண இரும்புகளைப் பிணைச்சலால் இணைத்து மேசையிற் பூட்டினால் நேரான மடிப்புகளைப் பெறலாம்.

6. இழுசுத்தியல்: ஒரு கம்பி, அதில் வழுக்கி ஓடும் பாரமான இரும்புத் துண்டு, முனையில் ஒரு தடுப்பு. பின்புறம் எட்டாத குழிகளை வெளியிலிருந்து இழுத்தெடுக்க உதவும்.

தகட்டைத் தட்டும் முறை

நெளிவை நடுவில் அடித்து எடுக்க முயலாதீர்கள். மோதலின்போது கடைசியாக உண்டான மேடு எதுவோ அதுவே முதலில் நிமிரவேண்டும். பெரும்பாலும் அது வெளி விளிம்பில் இருக்கும். கைப்பட்டடையைப் பள்ளத்தின் பின்னே அழுத்திப் பிடித்து, பக்கத்தில் உள்ள மேட்டைத் தட்டுங்கள். மேடு இறங்கப் பள்ளம் எழும்பும். ஓரளவு சீரானதும், பட்டடைக்கு நேர்மேலே மெதுவாகத் தட்டி மட்டப்படுத்துங்கள்.

அதிகமாக அடிபட்ட தகடு நீண்டு, அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போய்த் திரும்பும். அதனைச் சுருக்கச் சூடு வேண்டும். ஒரு சிறு நாணயத்தின் அளவான இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, சுற்றிவரத் தட்டி, ஈரச் சீலையால் ஒற்றுங்கள். ஓரிடம் ஆறிய பின்னரே அடுத்த இடத்துக்குச் செல்லவேண்டும். அவசரப்பட்டால் தகடு முழுவதும் நெளிந்துவிடும்.

ஒட்டுப்போடல்

நல்ல பக்கத்தின் வளைவைக் கடதாசி மட்டையில் வெட்டி, மறுபுறம் திருப்பினால் பழுதான பக்கத்துக்கு அச்சு கிடைக்கும். கறளை அதன் எல்லைக்கு அப்பாலும், பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். பழைய கார்களின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ளது. எண்ணெய்ப் பரலின் தகடும் பெரும்பாலும் இதற்கு நெருங்கியது. ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக்குங்கள். கூரான மூலையில் வெடிப்புத் தொடங்கும்.

மெல்லிய தகட்டில் தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் துளை விழும், தகடும் கோணும். ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக, ஒரு முனையிலும் எதிர்முனையிலும் மாறிமாறிப் பற்றவைத்து, பின்னர் இடைவெளிகளை நிரப்பவேண்டும். மட்காட், டிக்கி ஓரம் போன்ற பாரம் தாங்காத இடங்களுக்கு றிவெற் போதும். தளமும் கதவின் கீழ் விளிம்பும் வில்லுத் தகட்டுத் தாங்கியும் அனுபவமுள்ள வெல்டரின் வேலை. அங்கே செலவைக் குறைக்க எண்ணலாகாது.

பட்டி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தேவைப்பட்டால் தகரவேலை இன்னும் முடியவில்லை என்பதே பொருள். மீண்டும் சுத்தியலை எடுங்கள்.

வல்வெட்டித்துறையில் காலத்தையும் கவனிக்கவேண்டும். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு வீசும். மழையும் உப்பும் சேர்ந்து வரும். சோளகம் தரைப்பக்கமிருந்து வந்தாலும் புழுதியைக் கொண்டுவரும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களே வர்ணம் பூச ஏற்றவை. பூசுமுன் தகட்டை நன்னீராற் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவரானவை. அந்த நீர் உப்பையே மீண்டும் பூசும். மழைநீர் சேமித்திருந்தால் அது சிறந்தது. காய்ந்ததும் அன்றே முதற்பூச்சைப் பூசிவிடுங்கள். வெறும் இரும்பு ஓரிரவு வெளியில் கிடந்தாலும் காலையிற் செந்நிறம் காட்டும். உட்புறமும் பூசப்படவேண்டும். நீர் வடியும் துவாரங்களைத் திறந்துவிடுவதை மறவாதீர்கள்.

உயிரோடு விளையாடாதீர்கள்

பெற்றோல் தாங்கியை வீட்டில் ஒருபோதும் வெல்டிங் செய்யவேண்டாம். வெறுமையாகத் தெரியும் தாங்கியில் உள்ள ஆவியே வெடிக்கும். எண்ணெய்ப் பரலையும் சுடரால் வெட்டாமல், கழுவி, உளியால் வெட்டுங்கள்.

1950களின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடி தேய்த்தால் தூள் மூச்சோடு செல்லும். ஈயம் எல்லோரையும்விடச் சிறுபிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். நீர் விட்டுத் தேய்த்து, கழிவைக் கூட்டி அள்ளி, பிள்ளைகளை அப்பால் வைத்திருங்கள். பழைய பிரேக் இலைகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூளை ஊதவேண்டாம். நாகம் பூசிய கூரைத் தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும்.

கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர்கள். நமது நிலத்தின் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் உண்டு. ஊற்றியது அயலவரின் கிணற்றுக்கு வழி கண்டுபிடிக்கும்.

கையிலிருந்து கைக்கு

பழைய காரைத் திருத்துவது பணக்காரரின் பொழுதுபோக்கென்று சிலர் நினைக்கலாம். கதவின் அடியில் ஒட்டுப்போடக் கற்ற கை, லான்மாஸ்ரரின் பெட்டியையும் முச்சக்கரவண்டியின் தளத்தையும் நீர்த்தாங்கியையும் திருத்தும். 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் கைக்கருவிகளாற் செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கைவேலைக்கு அத்தகைய சந்தையும் உண்டு.

பாடசாலையை இடையில் விட்ட இளைஞர் ஒருவர் ஒரு மேசனுக்கோ தச்சருக்கோ உதவியாளாகச் செல்வதைப்போல, தகரவேலை அறிந்த முதியவரிடமும் செல்லலாம். சான்றிதழ் இல்லாமல் பல ஆண்டுகள் இவ்வேலை செய்தோருக்கும் வழியுண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, முன்னர் கற்ற திறனைப் பரீட்சித்துத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டை நடத்துகிறது. அது வங்கிக் கடனுக்கும் வேலைவாய்ப்புக்கும் உதவும்.

வேலியோரம் ஒரு பழைய கார் நிற்குமானால், பழைய இரும்பு வாங்குபவரை அழைக்குமுன் இரண்டைச் செய்யுங்கள். பதிவுப் புத்தகத்தையும் சேசிஸ் இலக்கத் தகட்டையும் பத்திரப்படுத்துங்கள். அவையின்றி, திருத்திய வண்டியைத் தெருவில் ஓட்ட இயலாது. நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதியவும் வேண்டும். பின்னர் ஊரிலுள்ள தகரவேலைக்காரர் ஒருவரை அழைத்து, அவரோடு உங்கள் மகனையோ மகளையோ நிறுத்தி, ஒரு கதவை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ஒரு கதவு கற்பிப்பதைக் கொண்டு மீதி வண்டியைச் செய்யலாம்.