நோயுற்ற குழந்தையும் தரை விரிப்பும்: நாற்றம் நீக்கலும் தொற்று நீக்கலும்

ஒரு வீட்டில் குழந்தை வாந்தியெடுத்ததும் வீட்டாரின் கவனம் இரண்டாகப் பிரிகின்றது. ஒருவர் குழந்தையைத் தூக்குகின்றார். மற்றொருவர் கையில் அகப்பட்ட துணியைக் கொண்டு தரையைத் துடைக்கின்றார். தரையில் ஜமக்காளமோ கம்பளமோ விரிக்கப்பட்டிருக்குமாயின் வேலை எளிதில் முடிவதில்லை. மேலே துடைத்தாலும் ஈரம் இழைகளுக்குள் இறங்கிவிடுகின்றது. மறுநாள் நாற்றம் எழுகின்றது. ஊதுவத்தியோ வாசனைத் தெளிப்போ கொண்டு அதனை மறைக்க முயலுகின்றனர். மூன்றாம் நாள் வீட்டின் மற்றொரு குழந்தைக்கும் வயிற்றுப்போக்குக் காண்கின்றது.

இங்கு ஆராய வேண்டியவை இரண்டு. ஒன்று நாற்றம், மற்றொன்று தொற்று. இவ்விரண்டும் ஒன்றல்ல. நாற்றம் நீங்கிய இடத்தில் கிருமிகள் எஞ்சியிருக்கலாம். கிருமிகள் அழிந்த இடத்திலும் நாற்றம் நிலைத்திருக்கலாம். ஒவ்வொன்றையும் அதற்குரிய முறையில் நீக்க வேண்டும். கிராமந்தோறும் தாய்மாரைச் சந்திக்கும் களப்பணியாளரும், வகுப்பறையிலும் அங்கன்வாடியிலும் பல குழந்தைகளை ஒரே விரிப்பில் அமரச் செய்யும் ஆசிரியரும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நாற்றத்தின் இயல்பு

வாந்தியின் நாற்றத்திற்கு முக்கியக் காரணம் பியூட்டிரிக் அமிலமும் அதனைச் சார்ந்த வேறு சில கொழுப்பு அமிலங்களுமாகும். பசும்பால், எருமைப்பால் ஆகியவற்றின் கொழுப்பில் இவ்வமிலம் கட்டுண்ட நிலையில் இருக்கின்றது. அந்நிலையில் அதற்கு நாற்றமில்லை. இரைப்பையிலுள்ள கொழுப்புச் செரிக்கும் நொதி அக்கட்டினை அவிழ்த்ததும் அமிலம் விடுபட்டு நாறுகின்றது. நாட்பட்ட வெண்ணெய் சிக்கு வாடை வீசுவதும் இதே அமிலத்தால்தான். பால் குடித்த குழந்தையின் வாந்தி விரிப்பில் நெடுநாள் நாறுவதன் காரணம் இதனால் விளங்கும். தாய்ப்பாலின் கொழுப்பில் இவ்வமிலம் மிகவும் குறைவு. ஆகவே தாய்ப்பால் மட்டும் அருந்தும் சிசு கக்குவது அவ்வளவு கடுமையாக நாறுவதில்லை.

சிறுநீரின் நாற்றம் வேறு வகையைச் சார்ந்தது. புதிய சிறுநீரில் நாற்றம் குறைவு. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகின்றது. எனவே நேரம் செல்லச் செல்ல நாற்றம் மிகுகின்றது. மலத்தின் நாற்றத்திற்கு இண்டோல், ஸ்கடோல் என்னும் பொருள்களும் கந்தகச் சேர்மங்களும் காரணமாகும்.

வாந்தியின் நாற்றம் அமிலத்தினின்றும் எழுவது. சிறுநீரின் நாற்றம் காரத்தினின்றும் எழுவது. ஆதலின் ஒன்றிற்குரிய பரிகாரம் மற்றொன்றிற்குப் பொருந்தாது. வாந்தி பட்ட இடத்தில் சமையல் சோடாவைப் பயன்படுத்தினால் பியூட்டிரிக் அமிலம் அதனுடன் சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறுகின்றது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டுவதில்லை. சிறுநீர் பட்ட இடத்திலோ நீர் கலந்த வினிகர் அம்மோனியாவைக் கட்டுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்துத் தெளித்தால் மிகுதியான நுரை எழும். ஆயினும் அமிலமும் காரமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுவதால் பயன் குறையும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். ஒரு துணித்துண்டில் சில துளி வினிகர் இட்டு மாணவரை முகரச் செய்க. பின்னர் அதன்மீது சமையல் சோடாக் கரைசலை ஊற்றுக. நுரை அடங்கியதும் மீண்டும் முகர்ந்தால் நெடி மறைந்திருக்கும். நாற்றத்தை மறைப்பது வேறு, மாற்றுவது வேறு என்பது மாணவர் உள்ளத்தில் பதியும்.

தொற்றின் இயல்பு

குழந்தைகளின் வாந்தி, வயிற்றுப்போக்கிற்குக் காரணமான வைரஸ்களுள் ரோட்டா வைரஸும் நோரோ வைரஸும் குறிப்பிடத்தக்கவை. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய துணைவரும் ரோட்டா வைரஸைக் கண்டறிந்தனர். நோரோ வைரஸின் வரலாறு ஒரு பள்ளியில் தொடங்குகின்றது. 1968இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நார்வாக் என்னும் ஊரின் பள்ளியொன்றில் வாந்திநோய் பரவியது. அங்குப் பெற்ற மாதிரியினின்றும் 1972இல் ஆல்பர்ட் கபிகியன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் இவ்வைரஸைக் கண்டார்.

இவ்வைரஸ்கள் நோயாளியின் உடலைவிட்டு வெளியேறிய பின்னரும் பொருள்களின்மீது பல நாட்கள் கேடு விளைக்கும் நிலையில் இருக்கக்கூடியவை. மிகச் சில துகள்களே உடலுள் புகுந்தாலும் நோய் உண்டாகின்றது. வாந்தி வேகமாகத் தெறிக்கும்போது கண்ணுக்குப் புலனாகாத நுண்துளிகள் காற்றில் பரவிச் சுற்றிலும் படிகின்றன.

தரை விரிப்பு இதில் வகிக்கும் பங்கினை இரு நிகழ்ச்சிகள் எடுத்துக்காட்டும். 1999 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் இசையரங்கு ஒன்றில் பார்வையாளர் ஒருவர் வாந்தியெடுத்தார். அடுத்த சில நாட்களில் அவ்வரங்கிற்கு வந்த 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் பள்ளிக் குழந்தைகள் பலர். கம்பளம் விரித்த தரை முறையாகத் தூய்மை செய்யப்படாததே காரணமென ஆய்வாளர் கருதினர். பிரிட்டனின் மருத்துவமனை ஒன்றில், கடைசி நோயாளிக்கு நோய் கண்டு ஏறத்தாழ இரு வாரம் கழிந்தபின் பழைய கம்பளத்தைப் பெயர்த்த தொழிலாளர் இருவர் இதே நோய்க்கு ஆளாயினர். இச்செய்தி 1997இல் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று.

முதற் கடமை

விரிப்பைவிடக் குழந்தை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் துப்புரவின் பரபரப்பில் உப்பு-சர்க்கரைக் கரைசல் அளிப்பது தாமதமாகிவிடக் கூடாது. 1971இல் வங்க அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கி எண்ணற்ற உயிர்களைக் காத்தார். வாந்தி நின்று பத்து நிமிடம் கழித்து ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்கலாம். கண்கள் குழிவிழுதல், நீர் பருக இயலாமை, மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியவை காணின் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குழந்தையைக் கடிந்து பேசலாகாது. விரிப்பைக் கெடுத்ததற்காக வசை கேட்ட குழந்தை அடுத்த முறை குமட்டலை அடக்கிக்கொண்டு மறைந்திருக்கும், உதவி கேட்காது. வகுப்பில் வாந்தியெடுத்த மாணவனைப் பிறர் எள்ளி நகையாட விடுவதும், வேறொரு மாணவனைக் கொண்டு அவ்விடத்தைத் துடைக்கச் செய்வதும் தகாதன. இன்ன குலத்தார் பிள்ளை இவ்வேலையைச் செய்யட்டும் என்னும் பழக்கம் எங்கேனும் இருப்பின், அது தொற்றினும் கொடிய கேடாகும். பயிற்சியும் கையுறையும் பெற்ற வயதுவந்தோர், ஆசிரியர் உட்பட, முறை வைத்து இதனைச் செய்தல் வேண்டும்.

துப்புரவு செய்யும் முறை

முதலில் மற்றக் குழந்தைகளை அவ்விடத்தினின்றும் அகற்றிச் சன்னல்களைத் திறக்க வேண்டும். கையுறையணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். துடைப்பத்தால் பெருக்குதலும், விரிப்பை உதறுதலும், தூசியுறிஞ்சும் இயந்திரத்தைச் செலுத்துதலும் கூடா. இவை கிருமிகளைக் காற்றில் கிளப்பிவிடும்.

வாந்தியின்மீது பழைய துணியையோ காகிதத்தையோ இட்டு ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். எஞ்சியதைத் தட்டையான அட்டையொன்றினால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுக்கலாம். தேய்த்தால் ஈரம் இழைகளுக்குள் மேலும் இறங்கும். முதலில் குளிர்ந்த நீரையே பயன்படுத்துக. வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்து கெட்டியாவதுபோல் புரதம் உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் சோப்பு நீரால் கழுவலாம். வழித்தவற்றை மலக்குழியில் இட்டு, துடைத்த காகிதங்களைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே கிருமிநீக்கியின் முறை வருகின்றது. அழுக்கு எஞ்சியிருக்கும் இடத்தில் குளோரின் அவ்வழுக்குடன் வினைபுரிந்தே தீர்ந்துவிடும். கிருமியை அழிக்க மிஞ்சாது. சிமெண்டுத் தரைக்கும் கல் தரைக்கும் பிளீச்சிங் பவுடர் ஏற்றது. நூற்றுக்கு 33 பங்கு குளோரின் தரவல்ல நல்ல பவுடரில் 15 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். வாந்தியோ மலமோ பட்ட தரையில் இதனை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பின்னர் நீரால் கழுவ வேண்டும். ஒரு முறை தராசில் நிறுத்து, அந்த அளவிற்கு ஒரு சிறு கிண்ணத்தில் கோடிட்டுக்கொள்வது நன்று. கரைசலை அன்றன்று பிளாஸ்டிக் வாளியில் தயாரிக்க வேண்டும். திறந்து வைத்த பவுடர் நாளடைவில் வீரியமிழக்கும்.

பிளீச்சிங் பவுடருடன் வினிகரையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ எக்காரணத்தாலும் சேர்க்கலாகாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா மிக்க சிறுநீருடன் கலந்தாலும் கேடான வாயுக்கள் தோன்றும். எனவே சிறுநீர் பட்ட இடத்தை முதலில் நீரால் நன்கு அலச வேண்டும். வினிகர் பயன்படுத்திய இடத்தில் அதனை முற்றிலும் கழுவிய பின்னரன்றிக் குளோரின் கரைசலைத் தொடலாகாது.

விரிப்புகளின் வகை

நம் நாட்டில் தரை விரிப்புகள் பல வகை. பதோஹி, மிர்சாபூர், காசுமீரம் ஆகிய பகுதிகளில் நெய்யப்படும் முடிச்சுக் கம்பளங்கள் பெரும்பாலும் கம்பளியாலானவை. வாரங்கல், நவல்குந்து, பவானி ஆகிய ஊர்களின் ஜமக்காளங்களில் பருத்தி பெரிதும் பயன்படுகின்றது. இழை எதுவென்று அறியாமல் மருந்திடுதல் பொருளைப் பாழாக்கும்.

பருத்தி ஜமக்காளம் துவைக்கத் தக்கது. சாயம் நிற்குமா என்பதை ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்திப் பார்த்த பின்னர், முதலில் குளிர்நீரில் அலசி, சலவைச் சோடாவோ சோப்புத்தூளோ கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். பிளீச்சிங் கரைசல் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதை நினைவிற்கொள்க.

கம்பளியோ புரத இழை. சலவைச் சோடாவும் குளோரினும் அதனை அரித்துவிடும். கடையில் விற்கும் அடர்ந்த ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஒரு கம்பளி நூலை இட்டு வைத்தால் அது கரைந்து மறைவதை ஆசிரியர் செய்து காட்டலாம். பருத்தி நூல் அவ்வாறு கரைவதில்லை. கம்பளிக்கு மென்மையான சோப்போ பூந்திக்கொட்டை நீரோ போதும். ஈரம் ஒற்றியெடுத்தபின் சமையல் சோடாவைத் தூவி இரவு முழுதும் விட்டு, மறுநாள் ஈரத்துணியால் ஒற்றி நீக்கலாம். நீராவிக் கருவி கிடைக்குமிடத்தில் அதனைக் கொண்டு விரிப்பை 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஐந்து நிமிடம் வைத்திருப்பது தொற்று நீங்கத் துணைபுரியும். பின்புறம் பசையிட்டு ஒட்டிய விரிப்புகளுக்கு இது ஆகாது. கருவி கிடைக்காதபோது கம்பளத்தைக் கழுவி உலர்த்திய பின்னும், குழந்தைகள் தவழும் இடத்தினின்றும் சில வாரங்கள் விலக்கி வைத்தலே பாதுகாப்பு.

கம்பளி தன்னுள் மிகுந்த ஈரத்தை ஏற்றும், தொடுவதற்கு உலர்ந்ததுபோல் தோன்றும். மேற்புறம் காய்ந்ததைக் கண்டு மீண்டும் விரித்துவிட்டால் அடிப்புறத்தில் பூஞ்சணம் பற்றி, புதிய நாற்றம் தோன்றும். ஆகவே விரிப்பைத் தரையில் இடாமல் கயிற்றுக் கட்டிலின்மீதோ மூங்கிற் கழியின்மீதோ இட்டு இருபுறமும் காற்றும் வெயிலும் படச் செய்ய வேண்டும். வீட்டார் மூக்கு தம் வீட்டு நாற்றத்திற்குப் பழகிவிடும்; எனவே நாற்றம் நீங்கியதா என்பதை வெளியிலிருந்து வந்த ஒருவரைக் கொண்டு அறிதல் சிறந்தது.

வருமுன் காத்தல்

குளிர்மிக்க மலைநாட்டு வீடுகளில் கம்பளத்தைப் பெயர்த்து உலர்த்துதல் எளிதன்று. அங்கும் பிற இடங்களிலும் நோயுற்ற குழந்தையின் படுக்கைக்கு அடியில் ரப்பர் விரிப்பும், அதன்மேல் துவைக்கத்தக்க பருத்தித் துணியும் இட்டு, அருகில் ஒரு கிண்ணத்தை வைத்தாற் பெருந்தொல்லை தவிரும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒரு மூடிய வாளியில் கையுறை, பழந்துணி, அட்டை, சோப்பு, உறையிட்ட பிளீச்சிங் பவுடர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கலாம். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டு நீரில் கழுவ வேண்டும். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் நோரோ வைரஸிற்குப் போதுமானதன்று. வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் கழியும்வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதிருத்தல் நலம்.

ரோட்டா வைரஸிற்குத் தடுப்பு மருந்து உண்டு. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பிறந்த சிசுக்களிடம் 1980களில் காணப்பட்ட வைரஸ் வகையொன்றினின்றும் இந்தியாவிலேயே 'ரோட்டாவாக்' உருவாயிற்று. 2016இல் ஆந்திரப் பிரதேசம், அரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் தேசியத் தடுப்புத் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. 2019இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. 6, 10, 14 ஆகிய வாரங்களில் வாய்வழி அளிக்கப்படும் இம்மருந்தைக் குழந்தை பெற்றதா என்று களப்பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டறிதல் வேண்டும்.

விரிப்பிலுள்ள கறை கண்ணுக்குத் தெரியும். நாற்றம் மூக்கிற்கு எட்டும். தொற்றோ எப்புலனுக்கும் எட்டாது. ஆதலால் முதலில் அகற்றுதல், பின்பு கழுவுதல், அதன்பின் கிருமி நீக்குதல், இறுதியில் உலர்த்துதல் என்னும் இவ்வரிசையைத் தாய்மார்க்கும் மாணவர்க்கும் மனத்தில் பதியுமாறு கற்பித்தல் வேண்டும். ஒரு குழந்தைக்கு வந்த நோய் அவ்வீட்டின் அடுத்த குழந்தையை அணுகாதிருப்பது இவ்வரிசை பிறழாமையைப் பொறுத்ததாகும்.