குப்பத்துப் பள்ளியின் கணக்கை எழுதுவது யார்?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்தான். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், மீஞ்சூர் ஒன்றியத்தின் பெயரைப் பலகையில் தாங்கி நிற்பவை. பலகையில் ஒன்றியத்தின் பெயர் இருந்தாலும் பொறுப்பு பல துறைகளிடம் சிதறிக் கிடக்கிறது. ஆசிரியரை நியமிப்பதும் சம்பளம் தருவதும் பள்ளிக் கல்வித் துறை. கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. சத்துணவும் காலை உணவும் சமூக நலத் துறையின் கீழ் வருகின்றன. கழிப்பறைக் கதவு துருப்பிடித்து விழுந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்வதா, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் சொல்வதா என்பதில் தொடங்குகிறது தலைமையாசிரியரின் வேலை. உப்புக்காற்று வீசும் கரையில் இரும்பு எதுவும் நெடுநாள் தாங்காது என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி எழும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 1920இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் ஒரு கல்விக் குழுவை ஏற்படுத்தியது. உள்ளூர் அளவில் கல்வி வரி விதிக்கவும் வழி செய்தது. பொன்னேரி அப்போது செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகா. பள்ளி திறப்பதும் மூடுவதும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு உறுப்பினர்களின் செல்வாக்கைப் பொறுத்திருந்த காலம் அது. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. 1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஒன்றியத் தலைவரின் கோபதாபத்துக்கு ஆளாகாமல் வேலை பார்க்கும் நிலை ஆசிரியர்களுக்குக் கிடைத்தது. இது சிறிய மாற்றமல்ல. அதேநேரத்தில், ஊருக்கும் பள்ளிக்கும் இருந்த கடைசி நிர்வாகக் கயிறும் தளர்ந்தது.

அமெரிக்கப் புறநகர்களில் இது நேர்மாறாக நடக்கிறது. அந்தந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் கண்காணிப்பாளரை நியமிக்கிறது, வரவுசெலவுக்கு ஒப்புதல் தருகிறது, பாடத்திட்டம் பற்றியும் முடிவெடுக்கிறது. பணத்தில் கணிசமான பங்கு வீட்டுவரியிலிருந்து வருவதால் வசதியான ஊருக்கு வசதியான பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி என்றாகிவிடும். மீன்பாட்டை நம்பியிருக்கும் குப்பம் தன் வரியில் தன் பள்ளியை நடத்த வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் சம்பளத்தை மாநிலமே ஏற்பது சரியான முடிவு, அதில் மாற்றம் வேண்டாம். மாற்றம் வேண்டியது சின்னச் செலவுகளிலும் சின்ன முடிவுகளிலும்தான்.

தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது ரூ.46,767 கோடி. இதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போய்விடும். பள்ளியின் கைக்கு நேரடியாக வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000, 101 முதல் 250 வரை ரூ.50,000 என்பது விதி. எண்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு குப்பத்துப் பள்ளியை எடுத்துக்கொண்டால், ரூ.25,000இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது ரூ.2,500, தூய்மைப் பணிக்கு. மிஞ்சும் ரூ.22,500இல் சுண்ணாம்புக்கட்டி, பதிவேடு, மின்விசிறி பழுது, குடிநீர், சிறு மராமத்து எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.24கூட வராது. பிள்ளைகள் எண்ணிக்கை 31இலிருந்து 30ஆகக் குறைந்தால் ரூ.15,000 போய்விடும். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துத் தனியார் பள்ளி வேன்கள் கிராமங்களுக்குள் வந்துபோகும் காலத்தில், இரண்டு குடும்பம் மனம் மாறினாலே இது நடந்துவிடும். பிள்ளை குறைந்தாலும் கூரை அதே கூரைதான். உப்புக்காற்றும் அதேதான்.

அந்தப் பணமும் நிச்சயமானதல்ல. இத்திட்டத்தின் செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுடையது, 40 விழுக்காடு மாநிலத்துடையது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்காததால், 2024-25க்கான ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு தரவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்தக் கல்விக் கொள்கை பற்றி இரு அரசுகளுக்கும் ஆயிரம் வாதம் இருக்கலாம். இத்திட்டப் பணத்தில் ஊதியம் பெறும் சிறப்பாசிரியர்கள், வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநர்கள் ஆகியோரின் ஊதியத்தைப் பணயமாக வைத்து அந்த வாதத்தை நடத்துவது நியாயமல்ல.

பாடத்திட்டத்தில் ஊருக்கு அநேகமாகப் பங்கே இல்லை. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம், 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்கள், 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கைவிட்ட 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதிய மாநிலக் கல்விக் கொள்கை எல்லாம் சென்னையில் எடுக்கப்பட்ட முடிவுகள். மாநிலம் முழுக்க ஒரே பாடநூல் என்பது குப்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதை. அதைப் பறிக்க யாரும் நினைக்கக் கூடாது. அண்மை மாற்றங்களில் இப்பள்ளிகளுக்கு மிகப் பொருத்தமானது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது அதன் முறை. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்தும் பள்ளியில் வகுப்புச் சுவர் ஏற்கெனவே இல்லை, இந்தத் திட்டம் அதை முறைப்படுத்தியது.

அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் வருகைப் பதிவு, உணவுக் கணக்கு, மானியக் கணக்கு, கூட்டத் தீர்மானம் எல்லாம் அவர் தலையில். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமா என்ற வழக்கு நீண்டதால் தலைமையாசிரியர் பணியிடங்களை நிரப்புவது சிக்கலானது. கட்டாயம்தான் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பொறுப்பு’த் தலைமையாசிரியரை வைத்து ஓடும் பள்ளியில் எந்த நெடுநாள் முடிவும் நகராது.

எஞ்சியிருக்கும் ஒரே உள்ளூர் இருக்கை பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இருபது உறுப்பினர்களுடன் இக்குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. தலைவர் ஒரு தாய். 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். வங்கிக் கணக்கில் தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும்.

கூடிப் பேசி முடிவெடுப்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஏரியில் மீன் விழும் நல்ல இடங்களைக் குலுக்கல் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. எந்தச் சட்டப் புத்தகமும் இல்லாமல் ஊர்க் கட்டுப்பாட்டிலேயே ஓடும் ஏற்பாடு அது. ஆனால் ‘பாடு’ முறையில் பங்கு தலைக்கட்டு உள்ள ஆணுக்குத்தான், அதுவும் மரபுரிமை பெற்ற ஊர்களுக்குத்தான். பெண்களும், பட்டியல் சாதி மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே நின்றவர்கள். அப்படிப்பட்ட கரையில், மீன் விற்கும் ஒரு பெண் காசோலையில் கையெழுத்திடும் குழு என்பது கல்வித் துறை நினைப்பதைவிடப் பெரிய விஷயம். கூட்ட நேரத்தை மட்டும் ஊர் பார்த்து வைக்க வேண்டும். மாதக் கடைசி வெள்ளி பிற்பகல் என்று சென்னையில் குறித்த நேரம், விடியலில் ஏலத்துக்குப் போய்ப் பொன்னேரிச் சந்தையில் கூடையை இறக்கும் பெண்ணின் நாளோடு பொருந்துமா என்று அந்தந்தக் குழுவே சொல்லட்டும்.

22ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இக்குழுதான். மூன்றாண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுக்கொரு துணைத்திட்டம். பேப்பரில் எழுதியது வட்டார வள மையம், மாவட்டம், மாநிலம் என்று மேலேறி, கடைசியில் தில்லியின் திட்ட ஒப்புதல் வாரியத்தில் மாநிலத் தொகையாகக் கரைகிறது. குழு கேட்டது எது, கிடைத்தது எது என்று திரும்பி வந்து சொல்ல ஆளில்லை. ஊராட்சி ஒன்றிய அளவில் ஒரு சிறு தொகையைத் தனியே வைத்து, குழுக்களின் தீர்மானத்தின் பேரில் தொண்ணூறு நாளில் கொடுத்தால் கதவும் கூரையும் தில்லி போக வேண்டியதில்லை.

பாடத்திலும் இக்குழு செய்யக்கூடியது உண்டு. பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீன்வளப் படிப்புக்கும் உண்டு. அதற்கு மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைக்கும் தாய்க்கும் இதைச் சொல்லிவிட்டால் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் யோசிக்க நேரம் இருக்கும். மேல்நிலைப் பள்ளிகளின் குழுக் கூட்டத்தில் இதைப் பேச அரசாணை எதுவும் தேவையில்லை.