பெட்டிதான் மாறியது, மருந்தா மாறியது?

சென்ற பருவத்தின் முதல் வாரம். மாதாமாதம் வாங்கும் மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். பழகிய ரிட்டலின் பெட்டியைக் காணோம். வேறு பெயர், வேறு நிறுவனம். “மலிவு மருந்தைக் குடுத்துட்டாங்க போல” என்றார் அம்மா. எனக்கும் அதே எண்ணம்தான்.

எனக்கு நார்கோலெப்சி. இரவு முழுக்கத் தூங்கினாலும் பகலில் அடக்க முடியாத உறக்கம் வரும். ஐந்தாம் படிவத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை வகுப்பில் என் பட்டப்பெயர் ‘தூங்குமூஞ்சி’. இப்போது படிப்பது வேதியியல். ஆய்வுக்கூடத்தில் சூடேறும் குடுவைக்கு முன்னால் கண் சொக்கினால் சிரித்துவிட்டுப் போக முடியாது.

அந்த வாரம் மூன்று நாள் பிற்பகல் விரிவுரையில் தூங்கிவிட்டேன். புது மாத்திரையின் வேலைதான் என்று முடிவே செய்துவிட்டேன். மிச்சமிருந்த நான்கு பழைய மாத்திரைகளைத் தேர்வு நாளுக்கென்று ஒளித்தும் வைத்தேன்!

சண்டை போடும் எண்ணத்தோடுதான் மருந்தாளரிடம் போனேன். அவர் இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்தார். இரண்டிலும் மெத்தில்ஃபெனிடேட், 10 மில்லிகிராம். ரிட்டலின் என்பது வணிகப் பெயர். மருந்தை உருவாக்கிய வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸோன் தம் மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டி வைத்தது. மற்றது ஜெனரிக்.

ஜெனரிக் மருந்து, அசல் மருந்தைப் போலவே இரத்தத்தில் சேர்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான வரம்பு 80 முதல் 125 விழுக்காடு. ‘அப்படியென்றால் 20 விழுக்காடு மருந்து குறையலாமா?’ என்றுதான் நானும் கேட்டேன். இல்லை. அது மாத்திரையில் உள்ள மருந்தின் அளவு அல்ல. ஆய்வு முடிவின் புள்ளியியல் இடைவெளி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். அமெரிக்காவில் 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல் ஏற்கும் மருந்தின் மொத்த அளவில் சராசரி வேறுபாடு 4 விழுக்காட்டுக்கும் குறைவுதான்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. “மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறீங்க, தங்கச்சி? வகுப்பு எத்தனை மணிக்கு?”

இந்த வகை மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம்தான் தாங்கும். புதுப் பருவத்தில் என் விரிவுரை 11 மணியிலிருந்து மூன்று மணிக்கு மாறியிருந்தது. மாத்திரை நேரத்தை நான் மாற்றவே இல்லை. பெட்டியும் அட்டவணையும் ஒரே வாரத்தில் மாற, பழியைப் பெட்டி மேல் போட்டுவிட்டேன்.

அதற்காக எல்லாச் சந்தேகமும் வீண் என்று சொல்லமாட்டேன். இதே மெத்தில்ஃபெனிடேட்டை நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளியிடும் கான்செர்டா என்ற மாத்திரை உண்டு. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தருவது. அதன் இரண்டு ஜெனரிக்குகள் போதிய நேரம் வேலை செய்யவில்லை என்று புகார்கள் வந்தன. அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆராய்ந்து, 2014-இல் அவற்றின் ‘சமமானது’ என்ற தகுதியை மாற்றியது. மருந்து ஒன்றுதான், அதை வெளியிடும் விதம் வேறு.

மருத்துவர் என் இரண்டாவது மாத்திரையின் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரம் மாத்திரை நேரம், தூங்கிய நேரம், சொக்கிய நேரம் எல்லாவற்றையும் குறித்துவரச் சொன்னார். அந்தத் தாளில் மூன்று மணி வகுப்புக்கு எதிரே ஒரே ஒரு நாள்தான் ‘சொக்கியது’ என்று இருக்கிறது. அதற்கு முந்தைய இரவு நான் படுத்தது இரண்டு மணிக்கு.

ஒளித்துவைத்த நான்கு மாத்திரைகளை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.