குழந்தை பிறந்தாச்சா? டயப்பர் கணக்கு அப்புறம், முதல்ல காலண்டரை எடுங்க!



புதுசா அப்பா அம்மா ஆனவங்க என்கிட்ட கேக்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: "டயப்பர் செலவு கட்டுப்படியாகல, என்ன பண்றது?" நியாயமான கேள்வி, பதிலும் சொல்றேன். ஆனா அவங்க மாசக் கணக்கை வாங்கிப் பார்த்தா பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு. சும்மா கிடைக்க வேண்டியதுக்குக் காசு கொடுத்திருப்பாங்க. இல்லைன்னா ஒரு தேதியைத் தவறவிட்டு, கைக்கு வர வேண்டியதை விட்டிருப்பாங்க.

அதனால குழந்தைச் செலவை நான் ரெண்டாப் பிரிக்கிறேன். ஒண்ணு தினச் செலவு: டயப்பர், துணி, பால், சோப்பு. இன்னொண்ணு தேதிச் செலவு: குறிப்பிட்ட நாளுக்குள்ள செஞ்சா செலவே இல்லாதது, தவறவிட்டா ஆயிரக்கணக்கில் போறது. முதல் வகையில மாசம் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கலாம். ரெண்டாவது வகையில ஒரே நாள்ல அதைப் போல பத்து மடங்கு போயிடும்.

தினச் செலவு: சத்திரப்பட்டியில இருந்து ஒரு பாடம்

என் சொந்த ஊர் வத்திராயிருப்பு. ரீல்ஸ் புண்ணியத்துல உங்களுக்கு கூமாபட்டி தெரிஞ்சிருக்கும், அதுக்குப் பக்கத்து ஊர்தான். பிரசவத்துக்கு சென்னையில இருந்து அம்மா வீட்டுக்கு வந்தப்போ, கையோட ஒரு பெரிய ஷாப்பிங் லிஸ்ட்டும் கொண்டு வந்தேன். அதுல "மஸ்லின் துணி, 6 பீஸ் செட்" ஒரு வரி. அம்மாச்சி அதைப் பார்த்துட்டு, "இது பேண்டேஜ் துணிதானடி, சத்திரப்பட்டியில மீட்டர் கணக்குல கிடைக்குமே"ன்னு சொன்னாங்க.

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யிற ஊர். மஸ்லினும் இந்த காஸ் துணியும் ஒரே குடும்பம்தான். ரெண்டுமே லேசா இடைவெளி விட்டு நெய்த பருத்தி. வெளுத்த காஸ் துணியை மீட்டர்ல வாங்கி, நாலு அடுக்கா மடிச்சு, ஓரத்தைச் சுத்தித் தைச்சா, வாய் துடைக்க, பால் கக்கினா துடைக்க, உடம்பு துவட்ட எல்லாத்துக்கும் ஆகும். ஓரம் தைக்காம மட்டும் விட்டுடாதீங்க. பிரிஞ்சு தொங்குற நூல் குழந்தையோட விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடும், விளையாட்டு இல்ல.

இப்ப டயப்பர். ஒண்ணு 10 ரூபாய்னு வச்சுக்குவோம். முழு நேரமும் டயப்பர்னா ஒரு நாளைக்கு 8, மாசம் 2,400 ரூபாய். பகல்ல பழைய வேட்டித் துணி, ராத்திரிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் மட்டும் டயப்பர்னா ஒரு நாளைக்கு 2, மாசம் 600. வித்தியாசம் 1,800 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆகியிருக்கு. அதனால பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரோட இருக்கிற பாக்கெட்டை வாங்கும்போது பில்லை ஒரு தடவை பாருங்க.

ஆனா இந்த 1,800-ஐ முழு லாபம்னு நான் எழுத மாட்டேன். வத்திராயிருப்பு வெயில்ல துணி மதியத்துக்குள்ள காய்ஞ்சிடும், துவைக்க அம்மாவும் மதினியும் இருந்தாங்க. அதே துணியை நவம்பர் மழையில, சென்னை ஃப்ளாட்டுல, லாரித் தண்ணியில யார் துவைக்கிறது? அறுபது வயசு அம்மாவோட இடுப்பு வலி எந்த பேலன்ஸ் ஷீட்டுலயும் வராது, ஆனா அதுவும் செலவுதான். வீட்டுல ஆள் இல்லைன்னா டயப்பரே வாங்குங்க. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பாட்டில், ஸ்டெரிலைசர் செட் வாங்கறதுக்கு முன்னாடி சங்கைப் பாருங்க. பாலாடைன்னும் சொல்வாங்க. நாம பழசுன்னு ஒதுக்கின இந்தப் பொருளைத்தான், உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தைப் பிரிவுகள்ல பயன்படுத்துறாங்க. மூலை முடுக்கு இல்லாததால கழுவுறதும் கொதிக்க வைக்கிறதும் சுலபம்.

முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம்னு டாக்டர்கள் சொல்றாங்க. அப்படின்னா கிரைப் வாட்டர், தேன், வசம்பு உரைச்சது, தெருவுல சங்குக்கு இவ்வளவுன்னு விக்கிற கழுதைப் பால், இதெல்லாம் மிச்சமாகிற செலவு. தேனை ஒரு வயசு வரைக்கும் தொடவே கூடாது. தாய்ப்பால் போதலைன்னு டாக்டர் சொன்னா ஃபார்முலா வாங்கத்தான் வேணும், அதுல கணக்குப் பார்க்காதீங்க, தண்ணி கலந்து நீட்டாதீங்க. ஆனா "ஃப்ரீ சாம்பிள்", "ஆஃபர்"னு யாராவது கொடுத்தா உஷாராகுங்க. 1992-ல வந்த சட்டப்படி பால் பவுடர் கம்பெனிகள் அப்படி விளம்பரம் பண்ணவோ இலவசம் கொடுக்கவோ கூடாது.

6 மாசம் முடிஞ்சதும் முளைகட்டின கேழ்வரகை அரைச்சு, துணியில வடிகட்டிக் காய்ச்சின கூழ், பருப்புச் சாதம், வாழைப்பழம். டப்பா சீரியலுக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு உங்க பில்லை எடுத்துப் பார்த்துக்கோங்க. அங்கன்வாடியில 6 மாசத்துல இருந்து சத்துமாவு கொடுக்கிறாங்க, அதுக்கு வருமான வரம்பு கிடையாது.

"மாசச் சம்பளம் வாங்குறோம், ஜி.ஹெச். வரிசையில நிக்கணுமா?"

இந்த ஒரு வரிதான் இளம் தம்பதிகளுக்கு அதிகமா செலவு வைக்குது.

தேசிய தடுப்பூசித் திட்டம் ஏழைகளுக்கான சலுகை இல்ல, இந்தியாவுல பிறக்கிற எல்லாக் குழந்தைக்குமானது. பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ்-பி. 6, 10, 14-ஆவது வாரங்கள்ல பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா. நியூமோகாக்கல் 6, 14-ஆவது வாரங்களும் 9-ஆவது மாசமும். தட்டம்மை-ரூபெல்லா 9-ஆவது மாசம். அரசு ஆஸ்பத்திரியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லாம் இலவசம். இதுல நியூமோகாக்கல் மட்டும் வெளியில போட்டா ஒரு டோஸே ஆயிரக்கணக்குல வரும்.

தனியார்ல "வலியில்லா ஊசி"ன்னு ஒண்ணு சொல்வாங்க. அதுல காய்ச்சலும் வீக்கமும் குறைவா வரும், விலை அதிகம். அரசு ஊசி பாதுகாப்புல மட்டம்னு அதுக்கு அர்த்தம் இல்ல. ஒரு ராத்திரி குழந்தை சிணுங்குறதைத் தாங்க முடியுமாங்கிறதுதான் கேள்வி. நாங்க அரசு ஊசிதான் போட்டோம். சின்னம்மை, ஃப்ளூ, டைபாய்டு மாதிரி அரசுப் பட்டியல்ல இல்லாததை டாக்டர்கிட்ட கேட்டு வெளியில போட்டுக்கலாம். மொத்தத்தையும் வெளியில போடணும்னு இல்ல. தமிழ்நாட்டுல பல இடங்கள்ல புதன்கிழமை தடுப்பூசி நாள். அரை நாள் லீவு போட்டா போதும்.

தேதிச் செலவு

இனிமேதான் காலண்டர் வேணும்.

*21 நாள்.* பிறப்பைப் பதிய இலவசக் கெடு இதுதான். ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்துடும், ஆனா அப்பா அம்மா பேரோட எழுத்து சரியா இருக்கான்னு பார்க்கிறது உங்க வேலை. பிக்மி எண்ணும் கேப்பாங்க, கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதாரச் செவிலியர் மூலமா பதிஞ்சு வச்சுக்கோங்க. ஒரு முக்கியமான விஷயம்: எந்த ஊர்ல பிறந்ததோ அங்கதான் பதிவு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிரசவம் ஆயிட்டு, மூணாவது மாசம் பெங்களூர் போன பிறகு ஒரு எழுத்தைத் திருத்த பஸ் ஏறுறவங்களைப் பார்த்திருக்கேன். குழந்தை பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாம சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

*ஆபீஸ் இன்சூரன்ஸ் கெடு.* குரூப் பாலிசியில குழந்தை தானா சேராது. ஹெச்.ஆருக்கு மெயில் போடணும், பல கம்பெனிகள்ல 30 நாள்தான் டைம். பச்சிளங்குழந்தையை ஒரு வாரம் ஐசியூவில வச்சா வர்ற பில்லு முன்னாடி, ரெண்டு வருஷ டயப்பர் செலவு சில்லறை. பிரசவத்துக்கு முன்னாடியே ரெண்டு கேள்வி கேளுங்க: முதல் நாள்ல இருந்தே குழந்தைக்கு கவர் உண்டா? மெட்டர்னிட்டி வரம்பு எவ்வளவு? சொந்த பாலிசியில மெட்டர்னிட்டிக்கான காத்திருப்பு பெரும்பாலும் வருஷக் கணக்குல. அதனால கல்யாணம் ஆன புதுசுலயே எடுக்கணும்.

கவர் இல்லாம மாட்டிக்கிட்டா அரசு வழி இருக்கு. 2011-ல ஆரம்பிச்ச ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல, அரசு ஆஸ்பத்திரியில பிரசவமும் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சையும் இலவசம். 2022 ஜனவரியில திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நம்ம பக்கத்துல இருக்கு.

*80 நாள்.* பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் அந்த கம்பெனியில வேலை பார்த்திருந்தா, முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. கர்ப்பமா இருக்கும்போது வேலை மாறப் போறீங்கன்னா, ஆஃபர் லெட்டரை விட இந்த எண்ணிக்கை முக்கியம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிச்சா, இந்தப் பணம் இஎஸ்ஐயில இருந்து வரும். ராஜபாளையம் மில்லுகள்ல வேலை பார்க்கிற தம்பிகளே, உங்க சம்பளத்துல மாசம் 0.75 சதவீதம் பிடிக்கிறாங்கல்ல? மனைவி, குழந்தை பேரு அந்தக் கணக்குல ஏறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. தனியார் கம்பெனி அப்பாக்களுக்குச் சட்டப்படி லீவு கிடையாது. கேள்விப்பட்ட 15 நாள் மத்திய அரசு ஊழியர்களுக்கானது. ஈஎல்லைச் சேர்த்து வைங்க. எனக்குச் சொந்தப் பிராக்டிஸ், லீவு கேட்டா கொடுக்க வேண்டிய ஆளும் நான்தான், கொடுக்கல!

தொட்டில் போடறதுக்குள்ள வர்ற "சைல்டு பிளான்"

பேர் வைக்கிற விழாவுக்கு வர்ற சொந்தக்காரர் ஒருத்தர் பையில கண்டிப்பா ஒரு பிராஸ்பெக்டஸ் இருக்கும். "குழந்தை பேர்ல ஒரு பாலிசி போடு மாப்ள". சம்பாதிக்கிறது குழந்தை இல்ல, நீங்க. டெர்ம் பாலிசி உங்க பேர்லதான் முதல்ல வேணும். தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு இப்ப ஜிஎஸ்டியும் இல்ல. ஆறு மாசச் செலவுக்குக் கையிருப்பு, அப்புறம்தான் மத்தது. பெண் குழந்தைன்னா போஸ்ட் ஆபீஸ்ல 250 ரூபாய்ல செல்வமகள் கணக்கு தொடங்கலாம். 2024 ஜனவரியில வட்டி 8.2 சதவீதம் ஆச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசு மாத்தலாம். புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு இதுல 80சி கழிவு கிடையாது, வட்டிக்கு மட்டும் வரி இல்ல.

அந்தக் கணக்குக்கும் பிறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. அதோட தடுப்பூசி அட்டை ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, உங்க ரெண்டு பேர் மெயில்லயும் போட்டு வைங்க. ஊர் விட்டு ஊர் போகும்போது முதல்ல காணாமப் போறது அந்த அட்டைதான்.