புறக்கடைக் கோழி வளர்ப்பு

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது வீட்டின் கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழிகளைச் சிறு எண்ணிக்கையில், பகலில் மேயவிட்டும் இரவில் கூண்டில் அடைத்தும் வளர்க்கும் முறையாகும். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12 கோடிப் பறவைகளுடன் தமிழ்நாடு இந்தியாவில் முதலிடத்தில் உள்ளது. இவற்றில் பெரும்பகுதி நாமக்கல் போன்ற இடங்களின் பெரிய பண்ணைகளைச் சார்ந்தது. தென்காசி மாவட்டத்தில், ராயகிரி போன்ற ஊர்களுக்குப் பொருந்துவது புறக்கடை முறையே. வீட்டில் மிஞ்சும் சோறு, சிந்திய தானியம், புழு பூச்சி ஆகியவையே இதில் தீவனத்தின் பெரும்பகுதி என்பதால் செலவு குறைவு.

தொடக்கம்

புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு சேவலும் ஐந்தாறு பெட்டைகளும் போதும். ஒரு சேவல் பத்துப் பெட்டைகள் வரை ஈடுகொடுக்கும். ஊரில் கிடைக்கும் சிறுவிடை, பெருவிடைக் கோழிகள் அடைகாக்கும் குணமும் வெயிலைத் தாங்கும் திறனும் உடையவை. வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் அதிக முட்டையிடும். ஆனால் பொதுவாக அடைகாப்பதில்லை. குஞ்சு பொரிக்க ஒரு நாட்டுப்பெட்டையோ குஞ்சு பொரிப்பகமோ தேவை.

சந்தையில் வாங்கிய கோழிகளை உடனே பழைய கோழிகளுடன் சேர்க்கக் கூடாது. இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்தபின் சேர்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் இந்த வழியாகவே வீட்டுக்குள் வருகிறது.

கூண்டு

இரவுக் கூண்டில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். தரையிலிருந்து சற்று உயர்த்தி அமைத்தால் ஈரமும் பாம்பும் அண்டாது. கீரி, மரநாய், பூனை ஆகியவை நுழையாதபடி கம்பிவலையின் இடைவெளி சிறியதாக இருக்க வேண்டும். தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உமி அல்லது கடலைத்தோல் பரப்பி, ஈரமானால் மாற்ற வேண்டும்.

குஞ்சுப் பருவம்

நாட்டுப்பெட்டை ஓர் ஈட்டில் 10 முதல் 15 முட்டைகள் இடும். அடைவைத்த 21ஆம் நாளில் குஞ்சு பொரியும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கரு வளராதவற்றை நீக்கலாம்.

ஆதாயமும் நட்டமும் இதன் பிறகே தீர்மானமாகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பெட்டை ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்குப் பத்துக் குஞ்சு பொரிப்பதாகக் கொள்வோம். முறைக்கு மூன்று குஞ்சுகள் தேறினால் ஆண்டுக்கு ஒன்பது கோழிகள். ஏழு தேறினால் இருபத்தொன்று. பெட்டையும் தீவனமும் கூண்டும் ஒன்றே. வேறுபாடு முதல் எட்டு வாரப் பராமரிப்பில் உள்ளது.

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குச் சுமார் 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். பத்துப் பதினைந்து குஞ்சுகளுக்குப் பஞ்சாரத்தின் உள்ளே தொங்கும் ஒரு 40 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி விளக்கு போதிய வெப்பம் தராது. குஞ்சுகள் விளக்கின் கீழே நெருக்கியடித்தால் குளிர் என்றும், விலகி ஓரத்தில் ஒதுங்கினால் சூடு அதிகம் என்றும் அறியலாம். இவ்வாறு குஞ்சுகளைத் தனியே வளர்த்தால் பருந்து, காகத்திடமிருந்து அவை தப்பும். தாய்க்கோழியும் விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

தீவனம்

குஞ்சுகளுக்கு உடைத்த கம்பு, சோளம், அரிசிக் குருணை ஆகியவற்றுடன் புரதமும் தேவை. இதற்குக் கரையான் எளிய வழியாகும். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் சேர்ந்திருக்கும்.

வெள்ளைக்கழிச்சல்

நாட்டுக்கோழிகளை மிகுதியாக அழிக்கும் நோய் வெள்ளைக்கழிச்சல். 1920களின் இறுதியில் வட இந்தியாவின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இதற்கு ராணிக்கெட் நோய் என்ற பெயரும் உண்டு. இது நச்சுயிரியால் வருகிறது. வெள்ளை அல்லது பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை இதன் அறிகுறிகள். வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கூட்டம் சில நாட்களில் முழுவதும் மடிந்துவிடக்கூடும்.

தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை கோடைக்கு முன், பிப்ரவரி மாதத்தில் இந்நோய்க்கான இலவசத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. அந்த ஊசி எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு உரியது. குஞ்சுகளுக்கு ஏழாம் நாளிலும் நான்காம் வாரத்திலும் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து தனியே இட வேண்டும். முகாமை மட்டும் நம்பியிருப்போரின் குஞ்சுகள் இதனால் பாதுகாப்பின்றி விடப்படுகின்றன.

இன்னொரு தடை குப்பியின் அளவு. ஒரு குப்பி மருந்து நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட கோழிகளுக்கு உரியது. பனிக்கட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீணாகும் என்பதால் பலர் வாங்குவதே இல்லை. ஒரு தெருவில் உள்ளோர் ஒரே வாரத்தில் அடைவைத்து, ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்வது இதற்குத் தீர்வாகும். மேயும் கோழிக்கு வேலி இல்லை, நோய்க்கும் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் மருந்து போட்டிருந்தால்தான் ஒருவரின் கோழிகளும் பாதுகாப்பாக இருக்கும்.

இறந்த கோழிகளைத் தெருவில் வீசாமல் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். நோய்க்குறி தெரிந்தவுடன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுக வேண்டும். திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி செயல்படுகிறது.