தட்டுக் கேக் உடையாமல் வர

பெரிய தட்டில் கேக் சுடும்போது ஓரம் காய்ந்து, நடு மாவாகவே நிற்பதுண்டு. தட்டின் தகரம் முதலில் சூடாகிவிடும். நடுவுக்கு வெக்கை மெல்லத்தான் போய்ச் சேரும். எனவே விறகுப் போறணையில் பாண் எடுத்தபின், சூடு தணிந்ததும் கேக்கை வையுங்கள். முதலில் தளத்தில் சிறிது மாவைத் தூவிப் பாருங்கள். உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மின்சாரப் போறணையானால் 160 பாகை செல்சியஸ் போதும். மேற்பரப்பு இறுகிய பிறகே தட்டைத் திருப்பி வைக்கலாம். முன்னர் அசைத்தால் அமுங்கிவிடும். ஈர்க்கால் குத்தும்போது மாவு ஒட்டாவிடில் வெந்துவிட்டது.

அடியில் எண்ணெய்த்தாள் விரிப்பதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உடைந்த கேக்கை முழு விலைக்கு யார் வாங்குவார்? சீனியும் முட்டையும் நட்டம். இறக்கி 15 நிமிடம் ஆறவிட்டு, ஓரமெல்லாம் கத்தி ஓட்டி, மேலே பலகையை வைத்து இருவராகப் பிடித்துப் புரட்டுங்கள். கொதிக்கும் சூட்டில் புரட்டினால் நடு பிளந்துவிடும்.